விஸ்கான்சின் ஹென்றி எந்த ஊர்க்காரர்?

கேள்வி சுருக்கமாக இதுதான். உங்கள் கணவரின் எள்ளுத்தாத்தா ஹென்றி, 1862 வாக்கில் பிறந்தவர். 1881இல் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நிலம் வாங்கிப் பயிர் செய்தவர். லுத்தரன் சபைக்காரர். 1931இல் இறந்தார். வீட்டு பைபிளின் முதல் தாளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'பிரஷ்யா' என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. ஊர் தெரியாது. ஜெர்மனியில் எந்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பது?

இப்போதைக்கு எந்த அலுவலகத்துக்கும் எழுதாதீர்கள். எழுதினாலும் பதில் வராது, வந்தாலும் 'எந்த ஊர்?' என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

நான் பத்திரப்பதிவுத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். மகளைக் கட்டிக்கொடுத்தது ஓஹையோவில் ஒரு ஜெர்மன் வம்சத்துப் பையனுக்கு. ஓய்வுக்குப் பிறகு ஆறு மாதம் அங்கே போய் உட்கார்ந்தபோது பொழுது போகாமல் மருமகன் வீட்டுப் பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். அது நான்கு வருடம் இழுத்தது. செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கிறவன் இன்றைய உரிமையாளரிடமிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கைமாற்றமாகப் பின்னால் போவான். நேராகத் தாய்ப்பத்திரத்துக்குத் தாவினால் வேறு யாரோ ஒருவரின் தாய்ப்பத்திரம்தான் கையில் சிக்கும். இதுவும் அப்படித்தான். நீங்கள் தேடும் தாய்ப்பத்திரம் ஹென்றியின் ஞானஸ்நானப் பதிவு. அது ஏதோ ஒரு கிராமத்துச் சபையின் பதிவேட்டில் இருக்கிறது. ஜெர்மனி முழுவதற்குமான ஒரே பதிவேடு அந்தக் காலத்தில் கிடையாது. பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு அலுவலகத்தில் பதியும் முறை பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 முதல்தான், ஜெர்மன் பேரரசு முழுவதும் 1876 ஜனவரி 1 முதல். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த ரைன் நதியின் மேற்குக் கரையில் மட்டும் சுமார் எண்பது வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. உங்கள் ஹென்றி 1862. ஆகவே போதகர் கையால் எழுதிய பதிவு ஒன்றுதான் கதி. அந்தப் போதகர் எந்த ஊரில் இருந்தார் என்று தெரியாதவரை ஒன்றும் நகராது.

'பிரஷ்யா' என்ற சொல்லை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியாது. பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் ராஜ்யம் மேற்கே பெல்ஜிய எல்லையில் இருக்கும் ஆகெனிலிருந்து கிழக்கே இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்று இருக்கும் கோனிக்ஸ்பெர்க் வரைக்கும் பரவிக் கிடந்தது. அது மட்டுமில்லை, 1866இல் ஹனோவர் ராஜ்யத்தையும், நாஸௌ, ஹெஸ்ஸே-காஸல் என்ற சின்ன நாடுகளையும் பிரஷ்யா விழுங்கிவிட்டது. என் மருமகனின் முன்னோர் வில்லியம், 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ஹனோவர்', 1870இல் 'பிரஷ்யா', 1880இலும் 1900இலும் 'ஜெர்மனி'. இவர்கள் குடும்பத்தில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஒரு சித்தப்பா பெர்லின் பக்கம் என்பார், ஒரு அத்தை ஹனோவர் என்பார். கணக்கெடுப்பில் எழுதிய மூன்றும் சரி. மனிதர் பிறந்த வீடு அங்கேயேதான் இருந்தது, கொடி மாறிக்கொண்டே வந்தது. 1871க்கு முன் 'ஜெர்மனி' என்ற பெயரில் ஒரே நாடாக எதுவும் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சரி, அமெரிக்காவில் எங்கே பார்ப்பது? கணக்கெடுப்பிலிருந்தே ஆரம்பியுங்கள். 1790 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்திருக்கிறார்கள். 1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். 72 வருடம் கழித்துத்தான் பொதுப்பார்வைக்கு விடுவார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் திறந்தது, இப்போதைக்கு அதுதான் கடைசி. உங்களுக்கு வேண்டியது 1900, 1910, 1920, 1930. 1890 கிடையாது. வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள், 1921 ஜனவரியில் தீப்பிடித்தது, மிஞ்சியது சொற்பம். 1881இல் வந்தவர் என்பதால் 1880இலும் அவர் இருக்கமாட்டார். ஆக, அவர் வாழ்க்கையின் முதல் பத்தொன்பது அமெரிக்க வருடங்களுக்கு மத்திய அரசின் கணக்கெடுப்பு உங்களுக்கு ஒன்றும் தராது. விஸ்கான்சின் மாநிலம் தனியாக எடுத்த கணக்கெடுப்புகள் உண்டு. 1885, 1895இல் குடும்பத் தலைவர் பெயரும் தலை எண்ணிக்கையும்தான். 1905இல் வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் இருக்கும்.

1900ஆம் ஆண்டு வரியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரே ஒரு வரிதான், ஆனால் இடமிருந்து வலமாக விரலை வைத்து நகர்த்தினால் ஒரு வாழ்க்கையே இருக்கும். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, பிறந்த மாதமும் வருடமும், வயது, கல்யாணமாகி எத்தனை வருடம். மனைவியின் வரியில் எத்தனை குழந்தை பெற்றாள், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று இரண்டு எண். மருமகன் வீட்டு வரியில் அது 9, 5. அப்புறம் தான் பிறந்த இடம், அப்பா பிறந்த இடம், அம்மா பிறந்த இடம். குடியேறிய வருடம், வந்து எத்தனை வருடம், குடியுரிமை நிலை. இந்தக் கடைசிக் கட்டத்தில் இரண்டெழுத்துச் சுருக்கம் இருக்கும். 'அயலார்' என்பதற்கு ஒன்று, 'முதல் தாள் (குடியுரிமை வாங்கப் போகிறேன் என்ற ஆரம்ப மனு) வாங்கியிருக்கிறார்' என்பதற்கு ஒன்று, 'குடியுரிமை பெற்றவர்' என்பதற்கு ஒன்று. வரியின் வால் பகுதியில் வீடு சொந்தமா வாடகையா, அடமானத்தில் இருக்கிறதா, பண்ணையா வெறும் வீடா என்பதெல்லாம் வரும். பதிவுத்துறைக்காரனுக்கு அந்த வால்தான் ருசி. அடமானம் இருந்தால் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் ஒரு பத்திரம் இருக்கும், பத்திரம் இருந்தால் அதில் ஒரு கையெழுத்து இருக்கும்.

பிறந்த மாதத்தைக் கேட்ட பெரிய கணக்கெடுப்பு இது. 'அக்டோபர் 1862' என்று ஒரு சொல் கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஒரே பெயரில் ஐந்து குழந்தைகள் பதிவேட்டில் நிற்கும்போது அந்த மாதம்தான் ஆளைப் பிரித்துக் காட்டும்.

1920ஐயும் விட்டுவிடாதீர்கள். முதல் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவின் எல்லைகள் கலைந்து கிடந்த நேரம். 'ஜெர்மனி என்று மட்டும் எழுதாதே, எந்த மாகாணம் அல்லது எந்த ஊர் என்று கேள்' என்பது கணக்கெடுப்பாளர்களுக்குத் தரப்பட்ட உத்தரவு. எல்லோரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை. கடைப்பிடித்த ஆள் உங்கள் ஹென்றி வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் 'பொமரேனியா' என்றோ 'போஸன்' என்றோ ஒரு சொல் கிடைக்கும். விஸ்கான்சினில் பொமரேனியாக்காரர்கள் ஏராளம். மில்வாக்கிக்குப் பக்கத்தில் ஃப்ரைஸ்டாட் என்ற ஊரையே 1839இல் பொமரேனியாவிலிருந்து வந்த பழைய லுத்தரன்கள்தான் உண்டாக்கினார்கள். பிரஷ்ய அரசர் லுத்தரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாக்கியதை ஏற்காமல் கிளம்பியவர்கள் அவர்கள். உங்கள் ஹென்றியும் பொமரேனியாவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். ஊகத்தை ஊகமாகவே வையுங்கள்.

கணக்கெடுப்பை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. கதவைத் திறந்தவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அது மனைவியாக இருக்கலாம், பத்து வயதுப் பிள்ளையாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். பதில் சொன்னவர் யார் என்பதை 1940இல்தான் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்கள். மருமகன் வீட்டுக் கொள்ளுப்பாட்டி ஒருவர் 1870க்கும் 1880க்கும் இடையில் ஆறே வயதுதான் ஏறியிருந்தார். அதைப் பெரிய முரண்பாடாக எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தை வீணடித்தேன். என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, 'பாட்டி புத்திசாலி' என்று மட்டும் சொன்னாள்.

பெயரைத் தேடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஜெர்மன் பெயரை ஆங்கிலம் பேசுகிறவர் காதால் கேட்டு எழுதியது அது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த பாதிரியார் பெயரை நம் காது 'சீகன்பால்கு' என்று கேட்டு, அதுவே நிலைத்துவிட்டதல்லவா? அந்த மாதிரி. பியானோ செய்த ஷ்டைன்வெக் 'ஸ்டைன்வே' ஆனார். விமானத் தொழிற்சாலை வைத்தவரின் அப்பா 'பூயிங்' என்ற மாதிரி உச்சரிப்போடு வந்தார், குடும்பம் 'போயிங்' ஆயிற்று. ஐசன்ஹவர் வீட்டார் மூதாதை 'ஐசன்ஹாவர்', அதாவது இரும்பு வெட்டுகிறவர். சில பேர் பெயரை மொழிபெயர்த்தே வைத்துக்கொண்டார்கள், ஷ்வார்ட்ஸ் 'பிளாக்' ஆனார், த்ஸிம்மர்மன் 'கார்பெண்டர்' ஆனார். G-யும் K-யும், B-யும் P-யும், D-யும் T-யும் இடம் மாறுவது சர்வ சாதாரணம். வல்லினம் ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற நமக்கு இது புரிவதில் கஷ்டம் இருக்கக்கூடாது. குடும்பப் பெயரின் முதல் எழுத்தையே மாற்றிப் போட்டுத் தேடுங்கள். பெயரே இல்லாமல், 'ஜெர்மனியில் பிறந்த ஹென்றி, வயது 38, இந்தக் கவுண்டி' என்று மட்டும் போட்டும் தேடலாம். எனக்கு 1870 கிடைத்தது அப்படித்தான்.

இதோடு ஒன்று. 'எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்' என்ற கதை உங்கள் கணவர் வீட்டிலும் இருக்கும், எல்லா வீட்டிலும் இருக்கிறது. எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1. உங்கள் ஹென்றி நியூயார்க்கில் இறங்கியிருந்தால் அது காசில் கார்டன், 1855 முதல் 1890 வரை அதுதான் இறங்குதுறை. அதிகாரிகள் கப்பல்காரர் கொடுத்த பட்டியலை வைத்துப் பெயரைச் சரிபார்த்தார்களே தவிர, புதுப் பெயர் சூட்டும் விழா எதுவும் நடத்தவில்லை. பெயர் மாறியது பிறகு, கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும், பெரும்பாலும் அவரவர் இஷ்டப்படி.

குடும்பக் கதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம்: டிரம்ப் குடும்பம் பல காலம் தங்களை ஸ்வீடன் வம்சம் என்று சொல்லிக்கொண்டது. தாத்தா ஃப்ரீட்ரிஷ் பிறந்தது 1869இல், பவேரிய ராஜ்யத்தைச் சேர்ந்த பாலட்டினேட் பகுதியில் கால்ஷ்டாட் என்ற திராட்சைத் தோட்டக் கிராமத்தில். 1885இல் ப்ரேமன் துறைமுகம் வழியாகப் பதினாறு வயதில் வந்தார். கெச்சப் விற்ற ஹைன்ஸ் குடும்பத்தின் தகப்பனாரும் அதே கிராமத்துக்காரர்தான். ஆகவே வீட்டில் சொல்வதைக் கேளுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நம்புவதைத் தள்ளிப் போடுங்கள்.

கப்பல் பட்டியல் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதிர்ஷ்டம் எந்தத் துறைமுகம் என்பதைப் பொறுத்தது. ஹாம்பர்கிலிருந்து கிளம்பியிருந்தால் 1850 முதல் 1934 வரையான புறப்பாட்டுப் பட்டியல்கள் பத்திரமாக இருக்கின்றன, கடைசியாக வாழ்ந்த ஊர் பெயரோடு. இங்கிலாந்து வழியாகக் கப்பல் மாறிப் போனவர்களுக்குத் தனிப் பட்டியல், இரண்டையும் பாருங்கள். ப்ரேமன் என்றால் கஷ்டம். இடம் இல்லை என்று மூன்று வருடத்துக்கு மேலானதையெல்லாம் அவர்களே அழித்தார்கள், அழிக்காமல் விட்டதைப் போர்க்கால குண்டு அழித்தது. 1920க்குப் பிந்தையதுதான் மிஞ்சியது. ஒரு ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவன் என்ற முறையில் 'இடம் இல்லை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அமெரிக்கப் பக்கத்து வருகைப் பட்டியல் இருக்கும், ஆனால் 1881இல் அதில் ஊரை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் நாடோ மாகாணமோதான். 1882இல் மட்டும் சுமார் 2.5 லட்சம் ஜெர்மானியர் வந்து இறங்கினார்கள். அதற்கு முந்தைய வருடமும் கூட்டத்துக்குக் குறைவில்லை. எழுத்தர்களுக்கு ஏது நேரம்?

குடியுரிமைத் தாள்களும் அப்படித்தான். 1906க்கு முன் எந்த நீதிமன்றத்திலும் வாங்கலாம், ஒவ்வொரு நீதிமன்றமும் தன் இஷ்டத்துக்கு எழுதியது. 'பிரஷ்ய அரசருக்கு விசுவாசத்தைத் துறக்கிறேன்' என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடிந்துவிடும். பாருங்கள், ஆனால் நம்பிக் காத்திருக்காதீர்கள். 1862ஆம் ஆண்டு குடியிருப்புச் சட்டப்படி அரசு நிலம் வாங்கியிருந்தால் அந்தக் கோப்பில் தாளின் நகல் இருக்கும். விலைக்கு வாங்கிய நிலம் என்றால் அதுவும் இல்லை.

அப்படியானால் ஊர் பெயர் எங்கேதான் கிடைக்கும்? பெரும்பாலும் அமெரிக்காவிலேயே, அவர் போன சபையின் பதிவேட்டில். இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. விஸ்கான்சினின் லுத்தரன் சபைகள் முதல் உலகப் போர் வரைக்கும் ஜெர்மனிலேயே ஆராதனை நடத்தின, ஜெர்மனிலேயே பதிவேடு எழுதின. போதகரும் ஜெர்மானியர். அவருக்கு 'ஜெர்மனி' என்பது ஊர் பெயராகப் படாது. 'எந்த ஊர்ப்பா நீ?' என்று கேட்பார். மதுரையில் தஞ்சாவூர்க்காரரைப் பார்த்து 'இந்தியாவா?' என்று யாராவது கேட்பார்களா? கல்யாணப் பதிவையும் அடக்கப் பதிவையும் குறிப்பாகத் தேடுங்கள். அடக்கப் பதிவில் பிறந்த தேதி, பிறந்த ஊர், சில சமயம் ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) நடந்த ஊர்கூட இருக்கும். சபை மூடியிருந்தாலும் பதிவேடு பக்கத்துச் சபைக்கோ, அந்த சினடின் (சபைகளின் கூட்டமைப்பு) ஆவணக் காப்பகத்துக்கோ போயிருக்கும். கணவரை விட்டு ஒரு போன் போடச் சொல்லுங்கள். மின்னஞ்சலைவிட அது வேலை செய்கிறது. போன் எடுப்பவர் சபைச் செயலாளர் அம்மாவாக இருப்பார், அவருக்கு அந்தக் குடும்பத்தில் இரண்டு பேரையாவது தெரிந்திருக்கும்.

அவர் பதிவில் இல்லாவிட்டால் கூட இருந்தவர்களைப் பிடியுங்கள். தனியாகக் கப்பலேறியவர்கள் குறைவு. அண்ணன் வந்து, தம்பியைக் கூப்பிட்டு, தம்பி மச்சானைக் கூப்பிட்டு, கடைசியில் அரை கிராமமே ஒரே கவுண்டியில் வந்து உட்கார்ந்திருக்கும். ஹென்றியின் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர்கள் யார், பக்கத்து நிலத்துக்காரர் யார், கல்யாணத்துக்குச் சாட்சி யார் என்று பட்டியல் போடுங்கள். எங்கள் வில்லியமுக்கு எங்கேயும் 'ஹனோவர்' தாண்டி ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அவர் மனைவியின் தம்பி இறந்தபோது சின்சினாட்டியின் ஜெர்மன் பத்திரிகையில் நான்கு வரி இரங்கல் வந்திருந்தது. அதில் ஓஸ்னாப்ரூக் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயர் இருந்தது. இரண்டரை வருடத் தேடலுக்கு விடை, யாரோ ஒரு மச்சானின் சாவுச் செய்தியில்.

ஊர் பெயர் கிடைத்ததும் ஒரு நாள் பொறுங்கள். நம்மூரில் புதூர் எத்தனை இருக்கிறது? அங்கே நொயென்கிர்ஷென், நொய்ஷ்டாட் எல்லாம் அந்த ரகம். ஃப்ராங்க்ஃபர்ட்டே இரண்டு. மேயர்ஸ் என்ற ஊர் அகராதி, 1912இல் அன்றைய ஜெர்மன் பேரரசின் ஊர்களையெல்லாம் அகரவரிசையில் போட்டது, இணையத்தில் இலவசம். எந்த மாவட்டம், ஊரில் சபை இருக்கிறதா, லுத்தரனா கத்தோலிக்கமா என்று சொல்லும். சின்னக் குக்கிராமத்துக்குத் தனிக் கோயில் இருக்காது. இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போயிருப்பார்கள். பதிவேடு அந்த ஊர் பெயரில் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் கடல் தாண்டுவது. ப்ராட்டஸ்டண்ட் பதிவேடுகள் பலவும் ஆர்க்கியோன் என்ற தளத்தில், பணம் கட்டிப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கப் பங்குகள் பல மாட்ரிகுலாவில், இலவசம். ஃபேமிலிசர்ச்சில் பெயர் பதிந்தால் நிறையப் பார்க்கலாம், சில படங்களை அவர்கள் மையத்துக்கோ இணைந்த நூலகத்துக்கோ போனால்தான் திறக்கும். ஹென்றி பொமரேனியா என்று உறுதியானால், இன்று அதன் பெரும்பகுதி போலந்து. ஊர் பெயர்களும் போலிஷ் ஆகிவிட்டன, ஷ்டெட்டின் இப்போது ஷ்செச்சின். பதிவேடுகள் போரில் நிறையப் போய்விட்டன. மிஞ்சியதில் ஒரு பகுதி போலந்து அரசு ஆவணக் காப்பகங்களின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பதிவேட்டைத் திறந்ததும் முதல் பத்து நிமிடம் அழுகை வரும். எனக்கு வந்தது. கூரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. 'ஈ' எழுத்தும் 'என்' எழுத்தும் இரண்டிரண்டு கோடு, கிட்டத்தட்ட ஒன்றுபோல. 'யூ'வுக்கு மேலே ஒரு வளைவு போட்டு வித்தியாசம் காட்டுவார்கள், அவசரத்தில் அதையும் விட்டுவிடுவார்கள். நான் எழுத்து அட்டவணையை அச்செடுத்து வைத்துக்கொண்டு, மருமகன் வீட்டுக் குடும்பப் பெயரை ஐம்பது தடவை எழுதிப் பழகினேன். கை பழகினால் கண் பழகிவிடும். பழைய கிரந்தம் கலந்த பத்திரங்களைப் படிக்கப் பழகியதும் அப்படித்தான். கத்தோலிக்கப் பதிவேடு என்றால் லத்தீன், எழுத்து எளிது, சொற்களும் திரும்பத் திரும்ப வருகிற முப்பது நாற்பதுதான்.

ஒரு பதிவு எப்படி இருக்கும்? வரிசை எண், பிறந்த நாளும் நேரமும், ஞானஸ்நானம் கொடுத்த நாள், குழந்தையின் பெயர்கள், அப்பா பெயரும் தொழிலும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், ஊர், ஞானப்பெற்றோர். தொழில் கட்டத்தில் 'டாகெலோனர்' என்று இருந்தால் அன்றாடக் கூலி. ஓஸ்னாப்ரூக் பக்கம் 'ஹொயர்மன்' என்றால் பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டு, வாடகையோடு உழைப்பையும் கொடுக்கிற குத்தகைக்காரர். அமெரிக்காவுக்குக் கிளம்பியவர்களில் இவர்கள்தான் எக்கச்சக்கம்.

பெயர்களில்தான் கண்ணி. குழந்தைக்கு இரண்டு மூன்று பெயர் வைப்பார்கள். யோஹான் என்பது பாதிப் பையன்களுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும், அதை வைத்து யாரும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடும் பெயர் இரண்டாவதோ மூன்றாவதோ. சில போதகர்கள் அதற்கு அடிக்கோடு போட்டிருப்பார்கள், புண்ணியவான்கள். எங்கள் வில்லியம் பதிவேட்டில் யோஹான் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம். உங்கள் ஹென்றி ஹைன்ரிஷ் என்று முதல் இடத்தில் இருப்பார் என எதிர்பார்க்காதீர்கள். வெஸ்ட்ஃபாலியாவிலும் ஓஸ்னாப்ரூக் பக்கமும் இன்னொரு வேடிக்கை: பண்ணைக்குச் சொந்தக்காரியைக் கட்டிக்கொண்டு போனால் ஆண் தன் குடும்பப் பெயரை விட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் அதுதான் வீட்டோடு மாப்பிள்ளை.

என் பெரிய தப்பைச் சொல்கிறேன். 1900 கணக்கெடுப்பில் வில்லியம் பிறந்தது அக்டோபர் 1835. பதிவேட்டில் அந்த வருடம் ஒரு யோஹான் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம், குடும்பப் பெயர் பொருத்தம், தேதி '14', மாதத்தின் இடத்தில் எட்டு என்ற எண்ணும் பக்கத்தில் 'பெர்' என்ற வாலும். எட்டாவது மாதம், ஆகஸ்ட் என்று எழுதிக்கொண்டேன். மாதம் பொருந்தவில்லை, இவர் இல்லை என்று ஒதுக்கிவிட்டு அடுத்த ஊரின் பதிவேட்டில் மூன்று மாதம் தேடினேன். லத்தீனில் 'அக்டோ' என்றால் எட்டு. எட்டும் பெரும் சேர்ந்தால் அக்டோபர். அதே மாதிரி ஏழு செப்டம்பர், ஒன்பது நவம்பர், பத்துக்கு ரோமன் எண் போட்டு டிசம்பர். இதை ஒரு அட்டவணையில் தற்செயலாகப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அதே பக்கத்தைத் திறந்தேன். சின்சினாட்டி சபையின் கல்யாணப் பதிவில் இருந்த அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இங்கேயும் இருந்தது. இடது ஓரத்தில் வேறு மையில், வேறு கையில், இரண்டே சொல்: 'அமெரிக்காவுக்குப் போனான்'. எல்லாப் போதகரும் இப்படிக் குறித்து வைக்கவில்லை. இந்த ஊர்ப் போதகர் குறித்திருக்கிறார். முதல் தடவை பார்த்தபோது அந்த ஓரத்தை நான் படிக்கவே இல்லை.

அப்படிப் பொருந்தினாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதே பதிவேட்டின் அடக்கப் பகுதிக்குப் போய் அடுத்த பதினைந்து வருடத்தைப் புரட்டுங்கள். குழந்தை செத்துப்போனால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பது அங்கே வழக்கம். இரண்டு வயதில் காய்ச்சலில் போன குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு 'எங்கள் எள்ளுத்தாத்தா' என்று வம்ச மரம் போட்டிருக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அடக்கத்தில் பெயர் இல்லை, பதினான்கு வயது வாக்கில் திடப்படுத்தல் பட்டியலில் பெயர் இருக்கிறது, அந்த ஊரில் கல்யாணப் பதிவு இல்லை என்றால், ஆள் வளர்ந்து வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது நம்பலாம்.

உங்களுக்கு உடனடி வேலை மூன்று. 1900 வரியில் பிறந்த மாதம், 1920 வரியில் மாகாணம் ஏதாவது இருக்கிறதா, அவரைப் புதைத்த சபையின் 1931 அடக்கப் பதிவு. மூன்றாவதை முதலில் செய்யுங்கள். கல்லறைக் கல்லையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், ஹென்றியுடையதை மட்டுமல்ல, அந்த வரிசை முழுவதையும். பழைய ஜெர்மன் கற்கள் சிலவற்றில் பிறந்த ஊரைச் செதுக்கியிருப்பார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது போனால் தேய்ந்த எழுத்தும் படிக்க வரும். அடக்கப் பதிவின் படம் கிடைத்தால் அனுப்புங்கள், கையெழுத்தை நான் படித்துச் சொல்கிறேன்.